குளிர் காலத்தில பொறிக்கு என்ன மண்: கீழ பரவுறதும் மேல மூடுறதும்

போன ஜனவரியில ஒரு நாள் விடிய பொறி பாக்கப் போனன். இரவு மெல்லிசா ஒரு தூவல் ஸ்னோ விழுந்திருந்தது, அதில ஒரு கொயோட்டியின்ட (ஓநாய் சாதிக் காட்டு மிருகம்) கால் அடையாளம் அச்சு வைச்ச மாதிரிக் கிடந்தது, நாலு விரல், முன்னுக்கு நகம் குத்தின புள்ளி, நடுவில மெத்தை, எல்லாம் சரியா மிதிதட்டுக்கு மேல, அதாவது மண்ணால மூடின பொறியில கால் பட்டா தாடையை எழுப்பி விடுற தட்டுக்கு மேல. பொறி அசையவே இல்லை. விரலால தட்டிப் பாத்தன், ஓட்டில தட்டின மாதிரிச் சத்தம். முதல் நாள் பின்னேரம் பிளஸ் 3 இல மழை தூறினது, இரவு மைனஸ் 14க்கு இறங்கிட்டுது. அலவாங்கை விட்டு நெம்ப மண் முழுக்க ஒரு ரொட்டி மாதிரி ஒரே துண்டாக் கிளம்பி வந்தது, அதுக்குள்ள பொறி, தாடை, ஸ்ப்ரிங், சங்கிலி எல்லாம் ஒட்டிப்போய். ரெண்டு கிழமையா அந்த வழியால வந்த மிருகம், சரியான இடத்திலதான் வைச்சிருந்தன், சரியான இடத்திலதான் மிதிச்சது, மண் மட்டும் பிழை.

நாங்கள் இருக்கிறது கனடாவில ஒன்ராறியோ மாகாணத்தில கிறே கவுன்ரிப் பக்கம், செம்மறி வளர்க்கிறம். ஹியூரன் ஏரிப் பக்கமிருந்து காத்து வந்தா ஸ்னோ கொட்டும், ரெண்டு நாளில உருகும், பேந்து உறையும். குட்டிகளைக் கொயோட்டி தூக்கத் தொடங்கின பிறகு கரண்ட் வேலி போட்டம், காவல் நாய் ஒண்டு வாங்கினம், அது ரெண்டும் முதல் செய்யோணும், அதுக்கும் மிஞ்சி வாற ஒண்டு ரெண்டுக்குத்தான் பொறி. பக்கத்துத் தோட்டத்துக் கிழவர் ஐம்பது வருசமா பொறி வைக்கிறவர், அவர்தான் எனக்குக் காட்டித் தந்தவர், அவருக்குப் பின்னால நடந்து பாத்ததும் பேந்து நானே செய்து பாத்ததும்தான் இது.

முதல்ல சட்டம். இங்க பொறி லைசன்ஸுக்கு 40 மணித்தியால அளவில ஒரு வகுப்பு எடுத்துச் சோதினை பாஸ் பண்ணோணும், பல் வைச்ச தாடை ஏலாது. மற்ற மாகாணங்களில விதி வேற, போய் வடிவா வாசியுங்கோ. ஐரோப்பிய ஒன்றியத்தில கால்பொறி பாவிக்கிறதே தடை. இந்தியாவில 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பொறி வைக்கிறதும் வேட்டை எண்டுதான் கணக்கு, அங்க இருந்து வாசிக்கிற ஆக்கள் தயவு செய்து இதைச் செய்து பாக்க வேண்டாம்.

இப்ப விசயத்துக்கு வாறன்.

கால்பொறிக்கு மண் ரெண்டு வேலை செய்யோணும். கீழயும் சுத்தியும் போடுற மண் பொறியை ஆடாமல் பிடிக்கோணும், கொயோட்டி தாடைக்கு மேலயோ லிவருக்கு (பொறியைத் திறக்க அமத்துற கைக்கு) மேலயோ கால் வைச்சாலும் பொறி ஒரு நூல் கூட ஆடக் கூடாது, ஆடினா அது உடன விளங்கிக் கொண்டு தோண்டி வெளிய எடுத்துப் போட்டுட்டுப் போயிரும், பேந்து அந்த மிருகத்தைப் பொறியில பிடிக்கிறது சரியான கஸ்ரம். மேல மூடுற மண் இதுக்கு எதிர்ப்பக்கம், அது இலேசா, பொல பொலவெண்டு இருக்கோணும், தாடை எழும்பேக்க விலகிப் போகோணும். இந்த ரெண்டையும் கெடுக்கிறது ஒரே சாமான்தான், தண்ணி. குளிர் எவ்வளவு கடுமையா இருந்தாலும் காய்ஞ்ச மண் உறையாது. உறையிறது மண் இல்லை, மண்ணுக்குள்ள இருக்கிற ஈரம். இதை விளங்கினா மிச்சம் எல்லாம் தானா வரும்.

அரைகுறையா உறைஞ்ச பொறி முழுக்க உறைஞ்சதை விட மோசம் எண்டு நான் சொல்லுவன். முழுக்க உறைஞ்சா மிருகம் மிதிச்சிட்டுப் போயிரும், அவ்வளவுதான். அரைகுறை எண்டால் தாடை மெதுவா எழும்பும், கால் மெத்தைக்கு மேலால பிடிக்கிறதுக்குப் பதிலா விரல் நுனியில பிடிக்கும், அது இழுத்துப் பிடுங்கிக் காயத்தோட ஓடும். காயப்பட்ட ஒரு சீவன் மைனஸ் 20 இல பத்தைக்குள்ள கிடக்கிறதை நினைச்சுப் பாருங்கோ. பிடிச்சா ஒழுங்காப் பிடிக்கோணும், அதுக்குத்தான் மண்ணில இவ்வளவு கவனம்.

முதலாவது, காய்ஞ்ச மண். இதை டிசம்பரில தேட ஏலாது, ஆவணியில சேர்க்கோணும். எங்கட பக்கம் களிமண் கூட, களி தண்ணியைப் பிடிச்சு வைச்சிருக்கும், அதால நான் மேட்டில இருக்கிற மணல் கலந்த மண்ணைத்தான் அள்ளுறன். நல்ல வெயில் நாளில ஒரு கறுப்புப் படங்கை விரிச்சு ரெண்டு அங்குலத்துக்கு மேல போகாமல் பரவி, காலமையும் மத்தியானமும் குப்பைவாரியால கிளறி விட்டா நாலைஞ்சு நாளில மா மாதிரி வரும், இரவில பனி பிடிக்காமல் மடிச்சு மூடுங்கோ. பேந்து அரிதட்டில அரிச்சு கல், வேர் எல்லாத்தையும் எடுத்துட்டு மூடி இறுக்கமான வாளியில போட்டு வைக்கிறது. பெயின்ற், டீசல், மாட்டு மருந்து இருந்த வாளி வேண்டாம், அந்த மணம் மண்ணில ஏறினா போகாது. பழைய மாட்டுக்கொட்டில், வைக்கல் போடுற கொட்டில், அதுகளின்ட பலகைத் தரைக்குக் கீழ பாத்தீங்களெண்டால் வருசக் கணக்கா மழையே காணாத தூள் மண் கிடக்கும், கிழவர் அதைத்தான் தங்கம் எண்டு சொல்லுவார். பெரிய ஸ்புறூஸ் மரத்துக்கு அடியிலயும் சில நேரம் காய்ஞ்ச மண் கிடைக்கும்.

எவ்வளவு வேணும் எண்டு கேட்டா, ஒரு பொறிக்கு அரை வாளி எண்டு கணக்கு வையுங்கோ, 20 லீற்றர் வாளியில. மழை ஸ்னோ வந்து திருப்பி வைக்கிறதுக்கும் சேர்த்து எண்டால் ஒரு முழு வாளி. பத்துப் பொறிக்குப் பத்து வாளி, அதால முதல் வருசம் பொறியைக் குறைச்சு மண்ணைக் கூட்டுங்கோ.

ஆனா காய்ஞ்ச மண்ணுக்கு ஒரு பெரிய குறை இருக்கு, மேல மழை விழுந்தா அதுவும் ஈரமண்தான். தொடர்ந்து மைனஸ் 10, மைனஸ் 15 எண்டு நிக்கிற கிழமையில அது அருமையா வேலை செய்யும், உருகி உறையிற கிழமையில ஒரு இரவு கூடத் தாங்காது. அதுக்குத்தான் மெழுகு மண்.

மெழுகு மண் எண்டுறது காய்ஞ்ச மணலிலயோ மண்ணிலயோ பரபின் மெழுகை உருக்கிக் கலக்கிறது. ஒவ்வொரு மணியையும் மெல்லிசா மெழுகு சுத்திக் கொள்ளும், மழை விழுந்தா தண்ணி உருண்டு போகுமே ஒழிய ஊறாது, ஊறாட்டி உறையாது. கூட வேலை, காசும் போகும், ஆனா எங்கட மாதிரி ஒரு நாள் மழை ஒரு நாள் ஐஸ் எண்டு வாற இடத்தில இதுக்கு நிகர் இல்லை எண்டு நான் அடிச்சுச் சொல்லுவன்.

செய்யிற முறை இதுதான். மண் முதல் முழுக்கக் காய்ஞ்சிருக்கோணும், ஈர மண்ணில மெழுகு ஒட்டாது, உள்ளுக்கு ஈரத்தை அடைச்சு வைச்ச மாதிரித்தான் போகும். கோடையில எண்டால் கறுப்புப் படங்கில மண்ணைப் பரவி, நல்லாச் சுட்ட பிறகு மெழுகுச் சீவலைத் தூவிக் கிளறி விடுங்கோ, வெயிலிலயே உருகிக் கலக்கும். பரபின் உருகிறது 50, 60 பாகை அளவில, அதால முப்பது பாகை வெயிலில கறுப்புப் படங்கு இருந்தாத்தான் சரிவரும், முகில் நாளில மினக்கெட வேண்டாம். குளிர் தொடங்கின பிறகு செய்யிறதெண்டால் மண்ணைப் பெரிய இரும்புச் சட்டியில வெளிய வைச்சுச் சூடாக்கி, அடுப்பை நிப்பாட்டிப் போட்டு மெழுகைப் போட்டுக் கிளறலாம். மெழுகைத் தனியா உருக்கிறதெண்டால் தண்ணிச் சட்டிக்குள்ள வைச்சுத்தான் உருக்கோணும், நேர நெருப்பில வைக்க வேண்டாம், கூடச் சுட்டா அந்த ஆவி பத்தும். வீட்டுக் குசினியில வேண்டவே வேண்டாம், மெழுகு நெருப்புக்குத் தண்ணி ஊத்தினா வெடிச்சுப் பறக்கும், மூடியால மூடித்தான் அணைக்கோணும்.

எவ்வளவு மெழுகு எண்டதுக்கு ஒரே கணக்குச் சொல்ல ஏலாது, மணலுக்குக் குறைய, தூள் மண்ணுக்குக் கூட. நான் கொஞ்சம் கொஞ்சமாப் போட்டு ஆறினாப் பிறகு ஒரு பிடி எடுத்துப் பாப்பன். மேல ஒரு துளி தண்ணி விட்டா முத்து மாதிரி உருண்டு நிக்கோணும், இறுக்கிப் பொத்தித் திறந்தா உதிரோணும். துளி ஊறினா மெழுகு காணாது, கட்டியா நிண்டா மெழுகு கூடிப் போச்சு, இன்னும் மண் போடுங்கோ. ஆறும் வரைக்கும் கிளறிக் கொண்டு இருக்கோணும், விட்டீங்களெண்டால் பாறை மாதிரிப் பிடிச்சிரும்.

எந்த மண் எண்டாலும் வயலுக்குக் கொண்டு போக முதல் ஒரு சோதினை செய்யுங்கோ, இது கிழவர் சொன்னதில்லை, நான் அந்த ஜனவரிக்குப் பிறகு கண்டு பிடிச்சது. தயிர்ப் பேணி நாலைஞ்சு எடுத்து ஒவ்வொண்டிலயும் ஒவ்வொரு சாமானை மூண்டு விரல் உயரத்துக்குப் போட்டு, ரெண்டு மேசைக்கரண்டி தண்ணியை மழை மாதிரி மேல தெளிச்சு, இரவு முழுக்க ஃபிறீசரில வையுங்கோ. காலமை எடுத்து விரலால குத்திப் பாருங்கோ. சும்மா மண் கல்லு மாதிரி, விரல் நோகும். பீற் மொஸ் (தோட்டத்துக்குப் போடுற உக்கின பாசித் தூள்) மேல ஒரு தோல் மாதிரிக் கட்டி, குத்தினா உடையும். மெழுகு மண்ணில மேல ரெண்டு மூண்டு ஐஸ் மணி உருண்டு கிடக்கும், விரல் நேரா உள்ளுக்குப் போகும். அந்த மூண்டு பேணியையும் பக்கத்தில வைச்சுப் பாத்தா பேந்து ஒருத்தரும் சொல்லித் தரத் தேவையில்லை.

பீற் மொஸ் பற்றிச் சொல்லோணும், ஏனெண்டால் கன பேர் அதைத்தான் முதல் வாங்குவினம், கனடாவில எந்தத் தோட்டக் கடையிலயும் மூட்டை மூட்டையாக் கிடக்கு, இலேசு, மலிவு. குளிர் நிலைச்சு நிக்கிற இடத்துக்கு நல்ல சாமான். ஆனா அது தன்ட நிறையைப் போலப் பத்து மடங்குக்கும் மேல தண்ணி குடிக்கும், ஒரு மழை குடிச்சு உறைஞ்சா அதைப் போல பாறை இல்லை. மற்றது காத்து, திறந்த வயலில மேல மூடினா விடிய முதல் பறந்து போய்ப் பொறி பளிச்செண்டு தெரியும். நிறமும் கறுப்பு மண்ணிறம், வெளிறின புல்லுக்கு நடுவில கண்ணைக் குத்தும். அதால நான் பீற் மொஸ்ஸைக் கீழ மட்டும் போட்டு மேலால அந்த இடத்து மண்ணையோ மெழுகு மண்ணையோ கால் அங்குலத்துக்குத் தூவி விடுறனான். மூட்டையைத் திறந்த உடன பாவிக்க வேண்டாம், உள்ளுக்கு ஈரம் இருக்கும், அதையும் வெயிலில காய வைக்கோணும்.

தும்புச்சோறும் (தேங்காய் மட்டைத் தூள்) இப்ப இங்க கட்டி கட்டியா விக்கினம், கன கட்டி இலங்கையில இருந்து வாறது, மூட்டையில ஊர்ப் பேரைப் பாத்த உடன நான் ஆசையா ஒண்டு வாங்கினன். அது பீற் மொஸ்ஸின்ட தம்பிதான், அதே மாதிரித் தண்ணி குடிக்கும். கட்டியை உடைக்கிறதுக்குத் தண்ணி விடச் சொல்லுவினம், இதுக்குத் தண்ணி விட வேண்டாம், காய்ஞ்சபடியே கத்தியால சீவி அரிச்சு எடுக்கோணும். அவ்வளவு பாடுபடுறதுக்கு அது பெறுமதி இல்லை, பூச்சாடிக்குப் போடுங்கோ.

உமி வகை நல்லது. இங்க பக்வீற் உமி, ஓற்ஸ் உமி கிடைக்கும், தண்ணி பிடிக்காது, இடைவெளி இருக்கிறதால வடிஞ்சு போகும். ஆனா பொறியை இறுக்கிப் பிடிக்காது, சரசரவெண்டு நழுவும், அதால மேலுக்கு மட்டும். வைக்கல் கொட்டிலில கீழ விழுந்து கிடக்கிற தூளும் அப்பிடித்தான். எலி இருக்கிற கொட்டில் எண்டால் அதில தானியம் கலந்திருக்கும், எலியும் குருவியும் வந்து கிளறும், அரிச்சுப் பாவியுங்கோ. உக்கின மரத்தைக் காய வைச்சுத் தூளாக்கினது, பைன் ஊசியிலை, காய்ஞ்ச மாட்டுச் சாணித் தூள், எறும்புப் புத்து மண், இதுகள் எல்லாம் ஊரில கிடைக்கிறதைப் பொறுத்து. பட்டிப் பக்கம் வைக்கிறதுக்குச் சாணித் தூள் எனக்குப் பிடிக்கும், கொயோட்டி தினம் மோந்து பழகின மணம்.

உப்பு. இதைப் பற்றிக் கன பேர் கேக்கினம். சாதாரண உப்பு மைனஸ் 9, 10 வரைக்கும்தான் ஒழுங்கா வேலை செய்யும், கல்சியம் குளோரைட் மைனஸ் 25ஐயும் தாண்டும். ரெண்டும் இரும்பை அரிக்கும், ஸ்ப்ரிங் துருப்பிடிச்சா பொறி மெதுவாப் போகும், திருப்பியும் அதே விரல் நுனிப் பிரச்சினை. கல்சியம் குளோரைட் காத்தில இருக்கிற ஈரத்தையும் இழுக்கும், உறையாது ஆனா சேறாகும். மண்ணோட கொஞ்சம் கலந்து ரெண்டு மூண்டு நாள் அவசரத்துக்குப் பாவிக்கலாம், பேந்து பொறியைக் கழுவிக் காய வைச்சுத் திருப்பி மெழுகு பூசோணும். காருக்கு விடுற அன்ரிஃபிறீஸ் மட்டும் ஒரு நாளும் விட வேண்டாம். எதிலீன் கிளைகோல் இனிக்கும், நாய் நக்கினா சாகும், உங்கட காவல் நாய்தான் முதல் நக்கும். உறையாமல் இருக்க விடுற தண்ணிச் சாமான் வேணுமெண்டால் சாப்பாட்டுத் தரத்து புறொப்பிலீன் கிளைகோல் இருக்கு.

இனி விரிப்பும் மூடியும். நிலத்தில இருந்து மேல வாற ஈரத்தைத் தடுக்கக் கிடங்குக்கு அடியில ஒரு துண்டு பிளாஸ்ரிக்கோ மெழுகுக் கடதாசியோ போடோணும், அல்லது காய்ஞ்ச புல்லு ஒரு பிடி. பிளாஸ்ரிக்கைக் கிண்ணம் மாதிரி ஓரம் உயர்த்தி விட்டா மழைத் தண்ணி உள்ளுக்கு நிக்கும், அதால தட்டையா வெட்டிப் போடுங்கோ. மிதிதட்டுக்குக் கீழ மண் போய் அடைச்சா தட்டு இறங்காது, அதுக்கு மேலால ஒரு மூடி வேணும். யன்னல் வலைத் துண்டு எண்டால் சத்தம் இல்லை, ஆனா ஈரத்தை விடும். மெழுகுக் கடதாசி ஈரத்தை விடாது, ஆனா கடுங்குளிரில சரசரக்கும், கொயோட்டிக்குக் காது கூர்மை, அதால நல்லாக் கசக்கி மென்மையாக்கிப் போட்டு விரியுங்கோ. தலகணிக்குள்ள அடைக்கிற பஞ்சை ஒரு சின்ன உருண்டையாத் தட்டுக்குக் கீழ வைச்சாலும் மண்ணைத் தடுக்கும், இறுக்கி அடைக்கக் கூடாது.

வைக்கிற நேரம். இடத்தைத் தெரிவு செய்யேக்க தெற்குப் பாத்த சரிவைத் தவிருங்கோ, மத்தியானம் வெயிலில உருகி இரவில உறையும், வடக்குப் பக்க நிழல் நிலம் நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்கும். பள்ளம் வேண்டாம், கொஞ்சம் மேடு. கோடரியாலயோ உளியாலயோ பொறியை விட எல்லாப் பக்கமும் ரெண்டு விரல் கூடக் கிடங்கு வெட்டி, வெட்டின ஈரக் கட்டியை ஒரு சாக்கில போட்டுத் தூரக் கொண்டு போங்கோ, திருப்பி உள்ளுக்குப் போட வேண்டாம், கன பேர் விடுற பிழை இதுதான். அடியில விரிப்பு, மேல ஒரு அங்குலம் காய்ஞ்ச மண். அதில பொறியை வைச்சு அமத்தித் திருகி இருத்துங்கோ, பேந்து தாடைக்கு வெளியால சுத்தி மண் போட்டு விரல் நுனியால இறுக்கி அடையுங்கோ, லிவர் ரெண்டுக்கும் கீழயும் சேர்த்து. நாலு மூலையிலயும் ஒவ்வொரு விரலால அமத்திப் பாருங்கோ, கை எப்பவும் தாடைக்கு வெளிய. ஆடினா கழட்டித் திருப்பி. பேந்து தட்டு மூடி, அதுக்கு மேல அரிதட்டால கால் அங்குலம், கூடிப் போனா அரை. தூரிகையால நடுவைக் கொஞ்சம் பள்ளமா விட்டா கால் தானா அங்க போகும்.

ஸ்னோவுக்குள்ள வைக்கிறதெண்டால் பொறி முதல் நாள் இரவே வெளிய கிடக்கோணும். வீட்டுச் சூட்டில இருந்து எடுத்த இரும்பு ஸ்னோவை உருக்கும், உருகினது அஞ்சு நிமிசத்தில பொறியைச் சுத்தி உறையும். கீழயும் மேலயும் மெழுகுக் கடதாசி, அதுக்கு மேல அரிச்ச தூள் ஸ்னோ. இது கடுங்குளிர் நிக்கிற நாளுக்கு மட்டும், பிளஸ் ஒண்டு எண்டு காலநிலை சொன்னா வைக்கவே வேண்டாம்.

வைச்ச பிறகு ஒவ்வொரு நாளும் விடிய முதல் வெளிச்சத்தில போய்ப் பாருங்கோ, குளிரில பிடிபட்ட மிருகத்தைக் காக்க வைக்கிறது பாவம், போக ஏலாத நாள் வருமெண்டால் முதல் நாளே பொறியைத் தட்டி விட்டுட்டு வாங்கோ. தூரத்தில இருந்து பாத்தாக் காணும், மழை விழுந்திருந்தா மட்டும் கிட்டப் போய் மேல் மண்ணை ஒரு குச்சியால கிளறிப் பாக்கலாம், கட்டி வந்தா முழுக்க மாத்தோணும். வண்டியில எப்பவும் ரெண்டு வாளி காய்ஞ்ச மண் மேலதிகமா இருக்கட்டும்.

பங்குனியில பொறி எடுக்கேக்க மெழுகு மண்ணை அங்கயே விட்டிட்டு வராதேங்கோ. கரண்டியால அள்ளி, புல்லு, வேரை அரிச்செடுத்து, படங்கில ஒரு நாள் போட்டு, திருப்பி வாளிக்குள்ள. நான் இப்ப பாவிக்கிறது மூண்டாவது வருசம், அதே மண்.